கார் தயார், காலை எங்கே வைப்பது?

1957-இல் பிரிட்டனில் ஒரு காரை முழுதாக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. அதையே துண்டு துண்டாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி கிடையாது. லோட்டஸ் நிறுவனத்தை நடத்திய காலின் சாப்மன் அந்த ஆண்டு ‘செவன்’ என்றொரு சின்னஞ்சிறு இரண்டு சீட் காரைக் கொண்டுவந்தார். விருப்பமுள்ளவர்கள் அதைப் பெட்டிகளில் வாங்கிக்கொண்டு போகலாம். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிச் சலுகை போய்விடும் என்பதால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள் என்றும், வாங்கியவர்கள் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக் காரைப் பூட்டினார்கள் என்றும் ஒரு கதை இன்றுவரை உலவுகிறது.

கதை மெய்யோ பொய்யோ, மேலிருந்து படித்தாலும் கீழிருந்து படித்தாலும் எந்தக் குறிப்பிலும் அடங்காத விஷயம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு அதற்குள் ஒரு மனிதர் உட்கார வேண்டும்.

1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமையை லோட்டஸிடமிருந்து கேட்டர்ஹம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. சலுகை போனாலும் ஆசை போகவில்லை. வீட்டில் கார் பூட்டுகிறவர்கள் பூட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். 1996-இல் இன்னொரு படி மேலே போனது கதை. ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், வெறும் 250 பவுண்டில் நீங்களே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சத்தியம் செய்து ஒரு புத்தகம் எழுதினார். ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயை அறுத்து, வெல்டிங் வைத்து, செவனின் சாயலில் சேஸியைக் கட்ட வேண்டும். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றைப் பிடித்து அதன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இதில் மாட்ட வேண்டும். ‘லோகாஸ்ட்’ என்று இந்த வகைக் காருக்கே பெயர் வந்துவிட்டது. 250 பவுண்டில் முடிந்ததா என்ற கேள்வியைக் கட்டியவர்களிடம் அவர்களுடைய மனைவியர் இல்லாத நேரத்தில் கேட்பது நல்லது.

இப்படிக் கட்டுகிறவரைக் கராஜ்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒருவர் அல்லர், ஒரு ஜாதி. பிரிட்டனின் ஏதோ ஒரு ஊரில், காரை நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட கராஜில் கார் கட்டிக்கொண்டிருப்பார். குடும்பத்தின் உண்மையான கார் தெருவில் மழையில் நனையும். நாற்பதைத் தாண்டிய வயது. இடுப்பைச் சுற்றி அந்த வயதுக்குரிய சேமிப்பு. வெல்டிங் கற்றுக்கொண்டிருக்கிறார், பிரேக் குழாய் வளைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், மின்சார வரைபடம் படிக்கிறார். சேஸியில் எந்தக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் தொடையின் நீளத்தைக் கேட்டால் விழிப்பார்.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. காரில் உள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் வரைபடம் உண்டு. மிக மென்மையான பாகமும், எந்தக் கடையிலும் மாற்றுப் பாகம் கிடைக்காததும் ஒன்றுதான்: ஓட்டுகிறவர். அதற்கு வரைபடம் கிடையாது.

பெரிய கார் நிறுவனங்களுக்கு இந்தத் தலைவலி வேறு விதமானது. அவர்கள் முன்பின் தெரியாத லட்சக்கணக்கான பேருக்குச் சீட் செய்ய வேண்டும். ‘சராசரி மனிதர்’ ஒருவரைப் பிடித்து அவர் அளவுக்குச் செய்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அமெரிக்க விமானப் படைக்கும் அப்படித்தான் தோன்றியது. 1950-இல் அவர்கள் 4,063 விமானிகளை நிற்கவைத்து, உட்காரவைத்து அளவெடுத்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் லெப்டினன்ட் அந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு குறும்பான கணக்குப் போட்டார். உயரம், மார்பு, கை நீளம் என்று முக்கியமான 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் வருகிற விமானிகள் எத்தனை பேர் என்று எண்ணினார். விடை பூஜ்ஜியம். 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்கென்று செய்த காக்பிட் எந்த விமானிக்கும் பொருந்தாத காக்பிட். அதன் பிறகுதான் முன்னும் பின்னும் நகரும் சீட், எட்டிப் போகவும் கிட்டே வரவும் கூடிய பெடல் என்று மனிதருக்குத் தகுந்தாற்போல் இயந்திரம் நகர வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

கராஜ்காரர் இந்தக் கதையைப் படித்துவிட்டுத் திருப்தியாகச் சிரிப்பார். அவருக்கு 4,063 பேரைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே ஒருவருக்குப் பொருந்தினால் போதும். அந்த ஒருவர் எப்போதும் கைவசம் இருக்கிறார். ஃபோர்டுக்கும் டொயோட்டாவுக்கும் கிடைக்காத பாக்கியம் இது.

பாக்கியத்தின் முதல் நாள் இப்படிப் போகும். வெற்றுச் சேஸியின் தரையில் ஒரு ஒட்டுப்பலகை. அதன்மேல் இரண்டு செங்கல், செங்கல்மேல் இன்னொரு பலகை, இது சீட். பின்னால் சாய்த்து வைத்த அலமாரிக் கதவு. இது முதுகுச் சாய்வு. முன்னால் பெடல்கள் வரவேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. ஸ்டீயரிங்குக்குத் துடைப்பக் கட்டையின் நுனியில் ஆணியடித்த ஒரு பெயின்ட் டப்பா மூடி. எல்லாம் தயார். அவர் உள்ளே இறங்கி உட்காருவார். வாகாகத்தான் இருக்கிறது. இப்போது முழங்காலுக்கும் மூடிக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அளவு நாடாவைப் பிடிக்கக் குனிவார். குனிந்ததும் முதுகு பலகையை விட்டு வந்துவிடும், தோள் முன்னால் வரும், முழங்கால் ஏறும். அளந்தது குனிந்த மனிதரின் அளவு. ஊருக்கெல்லாம் அளவெடுக்கும் தையல்காரர் தன் முதுகை மட்டும் தானே அளக்க முடியாமல் தவிக்கிற கதைதான்.

எனவே மனைவி அழைக்கப்படுவார். அளவு நாடாவை ஒரு கையிலும் மூடியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, இவர் பலகைமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கற்பனைச் சாலையில் கற்பனைக் கியரை மாற்றுவார். வாயால் இன்ஜின் சத்தம் எழுப்புவதும் உண்டு. அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அங்கே நடப்பதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களிலும் இதேதான் நடக்கிறது, செங்கல் மட்டும் இல்லை. அவர்கள் இடுப்பு மூட்டு வரும் இடத்தை ‘ஹெச் பாயின்ட்’ என்பார்கள். காருக்குள் மற்ற எல்லா அளவும் அந்தப் புள்ளியிலிருந்துதான் கிளம்புகிறது. அதைக் கண்டுபிடிக்க அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஒரு பொம்மை இருக்கிறது. அதற்கு முதுகு உண்டு, பிட்டம் உண்டு, கால் உண்டு. கை இல்லை, தலை இல்லை. அதைச் சீட்டில் வைத்து எடைகளை ஏற்றுவார்கள். காரணம் எளிது: மெத்தை அமுங்கும். மனிதர் சீட்டின் மேல் உட்காருவதில்லை. சீட்டுக்குள் கொஞ்சம் இறங்கி உட்காருகிறார்.

கராஜ்காரர் பலகையில் அளந்தார். பலகை அமுங்காது. உண்மையான சீட் வந்து அதில் உட்கார்ந்ததும் மெத்தையின் உயரம் தூக்குகிறது, அமுங்கல் இறக்குகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு இருக்கிறது, அல்லது மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கண்.

செவன் வகைக் காரில் இது சாதாரணக் குறை அல்ல. கார் மிகத் தாழ்வானது. உட்கார்ந்தபடியே கையைத் தொங்கவிட்டால் சாலையைத் தொடலாம். முன்கண்ணாடி ஒரு முழம்கூட உயரமில்லை. அதன் மேல்சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேரே வந்தால், சாலையின் கீழ்ப்பாதி கண்ணாடி வழியாகவும் மேல்பாதி கண்ணாடிக்கு மேலேயும் தெரியும். நடுவில் எதிரே வரும் லாரி சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சட்டத்துக்கு மேலே கண் வந்தால் லாரி தெரியும். கூடவே பூச்சிகளும் பல்லில் வந்து மோதும். கீழே வர வேண்டுமானால் சீட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் ஒரு பஞ்சுத் துண்டைப் போட்டு உட்கார வேண்டும். நெட்டையான பலர் அதைத்தான் செய்கிறார்கள். காரின் தரையையே கீழே இறக்கித் தரும் வசதியும் கேட்டர்ஹமில் உண்டு. சாலைக்கும் உட்காருகிறவருக்கும் இடையே ஏற்கெனவே அதிகம் இல்லாத இடைவெளியில் இன்னும் கொஞ்சத்தை விலை கொடுத்துக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

அகலமும் அப்படித்தான். சாம்பியனின் புத்தகத்து அளவுகளில் சேஸியைக் கட்டி முடித்தவர்களில் பலர் உள்ளே இறங்கியபோது, பக்கத்துக் குழாய்க்கும் நடுவில் கியர்பாக்ஸ் போகும் சுரங்கத்துக்கும் நடுவே இடுப்பு சிக்கிக்கொள்வதைக் கண்டார்கள். விளைவாகப் புத்தகத்தைத் திருத்திய வரைபடங்கள் முளைத்தன. அவற்றில் பிரபலமானது ‘442’: நான்கு அங்குலம் அதிக அகலம், நான்கு அங்குலம் அதிக நீளம், இரண்டு அங்குலம் அதிக உயரம். கேட்டர்ஹமும் 2000-ஐ ஒட்டி, வழக்கமான செவனைவிட 11 செ.மீ. அகலமான ‘எஸ்வி’ வகையைக் கொண்டுவந்தது. 1957-இன் மெலிந்த இளைஞருக்காக வகுத்த கார், அவருடைய பிள்ளைகளின் இடுப்புக்கு முன்னால் மரியாதையாக வழிவிட்டது.

சரி, இடுப்பு இறங்கிவிட்டது. இனி கை, கால்.

எழுதாத சட்டங்கள் சில இருக்கின்றன. கார் பந்தயப் பள்ளிகளில் முதல் வகுப்பிலேயே சொல்வார்கள். கிளட்சை முழுதாக அழுத்தியபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். விறைத்த காலால் அழுத்த முடியாது, மோதினால் அடியும் நேரே இடுப்புக்கு வரும். தோள் சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கியர் கம்பி, கை தானாக விழும் இடத்தில் இருக்க வேண்டும். கேட்க எவ்வளவு எளிது! ஒவ்வொன்றையும் தனித்தனியே சாதிக்க ஒரு சாயங்காலம் போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சாதிக்க ஒரு குளிர்காலம் போதாது.

ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். கால் எட்டவில்லை என்று சீட்டை முன்னே தள்ளினால் ஸ்டீயரிங் மார்பில் முட்டும். ஸ்டீயரிங்கை மேலே தூக்கினால் அதன் வளையம் வேகமானியை மறைக்கும். சின்ன வளையம் போட்டால் வேகமானி தெரியும், பெட்ரோல் முள் மறையும். முதுகைப் பின்னால் சாய்த்தால் மார்புக்கு இடம் கிடைக்கும். கியர் கம்பி எட்டாது. கம்பியை அறுத்து வளைத்து மறுபடி வெல்டிங் வைத்தால் எட்டும். மூன்றாவது கியர் போடும்போது விரல் முட்டி டாஷ்போர்டில் இடிக்கும். எஸ்கார்ட்டின் கியர்பாக்ஸ் எஸ்கார்ட்டில் உட்காருகிறவருக்காகச் செய்யப்பட்டது. அவர் நாற்காலியில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தவர். இங்கே உட்காருகிறவர் ஏறக்குறைய படுத்திருக்கிறார். கை பிரேக்கின் வரலாறு இன்னும் விசேஷம்: பழைய செவன்களில் அது டாஷ்போர்டுக்கு அடியில், பக்கத்து சீட்காரரின் முழங்காலுக்கு மேலே இருந்தது. மேட்டில் காரை நிறுத்துவதற்கு முன், பக்கத்தில் இருப்பவரிடம் நல்ல உறவு வைத்திருக்க வேண்டும்.

இதில் எது ‘சரியான’ உட்காரும் முறை என்று வரலாற்றைக் கேட்டால் வரலாறும் குழப்புகிறது. 1950-இல் முதல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனான இத்தாலியர் ஜுசெப்பே ஃபரினா, சாய்ந்து உட்கார்ந்து கைகளை நேரே நீட்டி ஓட்டுவார். மற்றவர்கள் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிக் குனிந்து ஓட்டிய காலத்தில் அது பார்க்க அலட்சியமாக, அழகாக இருந்தது. பந்தய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ் அதைப் பின்பற்றினார். மாஸைப் பார்த்துப் பிரிட்டனில் பாதிப் பேர் கையை நீட்டினார்கள். 1962-இல் சாப்மனின் லோட்டஸ் 25 வந்தபோது ஓட்டுநர் ஏறக்குறைய மல்லாந்தே விட்டார். காற்றில் முட்டும் பரப்பைக் குறைக்க ஓட்டுநரையே படுக்கவைத்துச் சுற்றிலும் உலோகத் தகட்டால் கட்டிய கார் அது. ஜிம் கிளார்க் அதில் படுத்தபடி 1963-இல் உலகப் பட்டத்தை வென்றார். இன்னொரு கோடியில் 1959-இல் மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இருந்தார். நிமிர்ந்த சீட், பஸ் ஓட்டுநரின் கோணத்தில் படுத்துக்கிடக்கும் ஸ்டீயரிங். ஓட்டுகிறவருக்குச் சொகுசு கூடினால் விழிப்பு குறையும் என்பது அவர் கட்சி. காரில் ரேடியோவும் அவருக்குப் பிடிக்காது.

கராஜ்காரர் மூன்று கட்சியிலும் சேர்ந்து பார்ப்பார். திங்கட்கிழமை ஃபரினா, புதன்கிழமை கிளார்க், வார இறுதியில் முதுகு பிடித்துக்கொண்டு இசிகோனிஸ்.

மேலே நடப்பது இவ்வளவு என்றால், கீழே இருட்டில் பாதங்களின் கதை தனி. செவனின் மூக்கு குறுகலானது. கால் போகும் சுரங்கமும் அதற்கேற்ப முன்னே போகப் போகக் குறுகும். அந்த முனையில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. சாதாரண ஷூ போட்டவர் பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலரேட்டரும் கூடவே மிதிபடும். கார் ஒரே நேரத்தில் நிற்கவும் ஓடவும் முயலும் அனுபவத்தை ஒருமுறை பெற்றவர், மறுநாளே மெல்லிய அடிப்பாகம் கொண்ட பந்தயக் காலணிக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். அது வரும்வரை சாக்ஸோடு ஓட்டுகிறவர்களும் உண்டு. கிளட்சை விட்டதும் இடது காலை எங்கே வைப்பது? வைக்க இடமில்லை. கிளட்சுக்கு அடியில் செருகலாம்; அடுத்த கியருக்கு அவசரமாக வெளியே எடுக்கும்போது ஷூ நாடா பெடலில் மாட்டும்.

பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் பக்கத்தில் இருப்பதற்கு நியாயமும் உண்டு. வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, கியரைக் குறைக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. அதற்கு, பிரேக் நன்றாக அழுந்திய நிலையில் இரண்டு பெடலும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். கராஜ்காரர் இதைக் கராஜில் நிறுத்திவைத்த காரில் மில்லிமீட்டர் சுத்தமாகச் சரிசெய்வார். பிறகு பிரேக் எண்ணெயில் இருந்த காற்றை வெளியேற்றுவார். பெடல் இறுகி மேலே நின்றுவிடும். மட்டம் போயிற்று.

நொந்துபோகும் நேரத்தில் பெரிய மனிதர்களின் துன்பம் ஆறுதல் தரும். ஃபோர்டு ஜிடி40 என்ற பந்தயக் காரின் பெயரில் உள்ள 40 என்ற எண், தரையிலிருந்து கூரை வரை 40 அங்குலம் என்பதிலிருந்து வந்தது. அந்த வரிசையின் மார்க் ஃபோர் காரை 1967 லெ மான்ஸ் பந்தயத்துக்குத் தயார் செய்தபோது, ஓட்ட வேண்டிய டான் கர்னி ஆறடிக்கும் மேலே வளர்ந்தவராக இருந்தார். ஹெல்மெட் போட்டால் கதவு மூடவில்லை. கர்னியைக் குறைக்க முடியாது; எனவே அவர் தலைக்கு நேரே கூரையில் ஒரு புடைப்பு வைத்தார்கள். உலகத்தின் மிகக் கவனமாகச் செதுக்கிய கார்களில் ஒன்று, ஒரு பக்கம் மட்டும் மண்டை வீங்கிப் பந்தயத்துக்குப் போனது. கர்னியும் ஏ. ஜே. ஃபாய்ட்டும் சேர்ந்து வென்றார்கள். அந்தக் கார் இன்று அமெரிக்காவில் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில், புடைப்போடு நிற்கிறது.

ஃபார்முலா ஒன்னிலும் இதே கதைதான். 1995-இல் மெக்லாரன் குழுவுக்கு வந்த நைஜல் மான்செல் 1992-இன் உலகச் சாம்பியன். புதிய காரில் அவரை உட்காரவைத்துப் பார்த்தார்கள். காக்பிட் குறுகல், கையும் இடுப்பும் இடித்தன. உலகச் சாம்பியன் உள்ளே போகாததால் முதல் இரண்டு பந்தயங்களை மார்க் பிளண்டல் ஓட்டினார். அதற்குள் மான்செலுக்காக அகலமான சேஸி ஒன்று தயாரானது. இமோலாவில் அதில் ஓட்டினார், ஸ்பெயினில் ஓட்டினார், பிறகு குழுவை விட்டே போய்விட்டார். ஒரு சீட்டுக்காக அத்தனை பொறியாளர்களும் அத்தனை பணமும் இருந்த இடத்தில் நடந்தது இது. செங்கல்லும் பெயின்ட் மூடியும் வைத்திருக்கிறவர் தலை நிமிர்ந்து நடக்கலாம்; ஹெல்மெட் ரோல் பாரில் இடிக்காதவரை.

ரோல் பார் என்பது, கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பதற்காகத் தலைக்குப் பின்னால் நிற்கும் வளைந்த குழாய். அதன் உச்சிக்கும் முன்கண்ணாடியின் மேல்சட்டத்துக்கும் ஒரு துடைப்பக் கட்டையை வைத்துப் பார்ப்பார்கள். ஹெல்மெட் போட்ட தலை கட்டைக்குக் கீழே இருக்க வேண்டும். பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்ட விடும் பல இடங்களில் இந்தச் சோதனை நடக்கும். இதனால்தான் சீட்டுக்கு அடியில் முன்பின் நகர்த்தும் தண்டவாளம் வைப்பதில் இத்தனை தயக்கம். தண்டவாளம் போட்டால் சீட் ஒரு அங்குலம் உயரும். ஒரு அங்குலத்தில் கட்டை தலையில் தட்டும்.

கடைசி ஆயுதம் நுரை. ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களுக்குச் சீட் அச்செடுக்கும் வித்தையை வீட்டிலேயே செய்யலாம். பெரிய குப்பைப் பையைக் காருக்குள் விரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து அதற்குள் ஊற்றிப் பையின் வாயைக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். திரவம் நுரைத்துப் பொங்கி, உடம்பின் ஒவ்வொரு வளைவையும் தேடிப் போய் நிரப்பிக்கொண்டு இறுகும். முகமூடியும் கையுறையும் வேண்டும், கராஜின் கதவு திறந்திருக்க வேண்டும். அந்தத் திரவத்தின் ஆவி நல்லதல்ல. ஹெல்மெட் போட்டு, பெல்ட் மாட்டி, கையைக் காலை ஓட்டும் நிலையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். நுரை சூடாகும். இடுப்புக்குக் கீழே திடீரென்று வெப்பம் பரவும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை.

பொங்கும் நுரைக்குப் பலம் அதிகம். உட்கார்ந்திருப்பவரை அது மெதுவாகத் தூக்கும். தூக்குவது தெரியாமல் இருந்துவிட்டால் எல்லா அளவும் இரண்டு அங்குலம் ஏறி இறுகிவிடும். தெரிந்துபோய் அழுத்தினால் நுரை தொடைகளுக்கு நடுவே வழி தேடும். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடிக்கும். பார்சல் கொண்டுவந்தவர் கராஜுக்குள் எட்டிப் பார்த்தால், ஹெல்மெட் போட்ட ஒருவர் சக்கரமில்லாத காரில் குப்பைப் பைமேல் விறைத்து உட்கார்ந்து, கையெழுத்துப் போட எழுந்திருக்க முடியாது என்று சைகை செய்துகொண்டிருப்பார். நுரை இறுகிய பிறகு பார்த்தால் அச்சு அபாரம்: முதுகெலும்பு, இடுப்பு, பின்பையில் எடுக்க மறந்த சாவிக் கொத்து. பந்தயப் பட்டறைகளில் நுரைக்குப் பதிலாகச் சின்னச் சின்ன உருண்டைகளையும் பிசினையும் பையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்ததும் காற்றை உறிஞ்சி இறுகவைக்கும் முறையும் உண்டு. அதிலும் சாவியை எடுத்துவிடத்தான் வேண்டும்.

இவ்வளவு துல்லியமாக அச்செடுத்த சீட்டில் இருக்கும் ஒரே குறை, அது அந்த ஒரு நாளின் உடம்புக்குப் பொருந்துவது. டிசம்பரில் தடித்த கோட்டோடு இறங்கினால் தோள் போகாது. கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பிறகு கோட்டைக் கழற்றினாலும் போகாது. காலையில் எழுந்ததும் மனிதர் கொஞ்சம் உயரமாக இருப்பார். நாள் முழுதும் நின்று நடந்தால் முதுகெலும்பு வட்டுகள் அமுங்கி மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவார். காலையில் பார்த்து வைத்த கண்ணாடியில் மாலையில் வானம் தெரியும். ஒரே மனிதருக்குப் பொருந்தினால் போதும் என்று தொடங்கியவருக்கு, அந்த ஒரே மனிதருக்குள் எத்தனை பேர் என்ற கணக்கு இப்போதுதான் வருகிறது. டேனியல்ஸுக்காவது 4,063 பேரும் ஒரு அளவோடு நின்றார்கள்.

பிறகு அரசாங்கத்தின் பங்கு. வீட்டில் கட்டிய கார் பிரிட்டனில் சாலைக்கு வர, ஒரு தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். 1998-இல் ஒரு வடிவில் தொடங்கி 2009-இலிருந்து ஐவிஏ என்ற பெயரில் நடக்கிறது. பிரேக், விளக்கு, புகை, பெல்ட் மாட்டிய இடம், கண்ணாடியில் தெரியும் காட்சி எல்லாம் பார்ப்பார்கள். கூர்மையான விளிம்பு எதுவும் உடம்பில் குத்தக் கூடாது என்பதால் வெளியே தெரியும் போல்ட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போட்டு அனுப்புவார்கள். சோதனைக்குப் போகும் கார் கல்யாணத்துக்குப் போவதுபோல் அலங்காரமாக இருக்கும். திரும்பி வந்ததும் பாதித் தொப்பிகள் கழன்றுவிடும். ஆனால் ஓட்டுகிறவர் வாகாக உட்கார்ந்திருக்கிறாரா என்று சோதிக்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. இருந்தால் பல கார்கள் இன்னும் கராஜிலேயே இருக்கும்.

முதல் பயணம். ஸ்டீயரிங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, சீட்டின்மேலேயே ஏறி நின்று, இரண்டு காலையும் சுரங்கத்துக்குள் நுழைத்துச் சறுக்கி இறங்கி, ஸ்டீயரிங்கை மறுபடி மாட்டிக்கொள்வது. ஏறும் முறை இதுதான். முதல் 20 நிமிடம் சொர்க்கம். எந்தச் சீட்டும் முதல் 20 நிமிடம் சொர்க்கம்தான். பிறகு வலது முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு குழாயில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியவரும். அடுத்து இடது முழங்கை. பிறகு கியர்பாக்ஸ் சுரங்கத்தின் சூடு. ஒரு மணி நேரத்தில் உடம்பில் இதுவரை இருப்பதே தெரியாத எலும்புகள் தங்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துகொள்ளும். வீட்டுக்கு வந்து இறங்கும்போது, பக்கவாட்டில் போகும் புகைக்குழாய் ஆடுசதையில் ஒரு சூடு போடும். செவன் வைத்திருக்கிறவர்களில் பலரின் காலில் அந்தத் தழும்பைப் பார்க்கலாம். அதைக் காட்டும்போது அவர்கள் குரலில் வருத்தம் இருக்காது.

இதற்குள் மனைவிக்கும் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். அவ்வளவு நாள் அளவு நாடா பிடித்தவருக்கு அந்த உரிமை உண்டு. கணவரைவிட அரையடி குட்டை. தண்டவாளம் இல்லாத சீட், கணவரின் முதுகெலும்பை அச்செடுத்த நுரை. ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்தால் கால் எட்டும். மெலிந்த பாதம், சின்ன ஷூ. மூன்று பெடலுக்கு நடுவே தாராளமாக இடம். கண் சட்டத்துக்குக் கீழே, கண்ணாடியின் நடுவில். தலைக்கு மேல் துடைப்பக் கட்டைக்கு நான்கு அங்குல இடைவெளி. தெருவைச் சுற்றி வந்து இறங்கிய அவர், இவ்வளவு வசதியான காரைப் பற்றி ஏன் இத்தனை நாள் புலம்பல் என்று கேட்பார். பதில் சொல்லக் கராஜ்காரரிடம் ஒன்றும் இருக்காது. 1957-இன் மெலிந்த இளைஞருக்குப் பொருந்திய கார் மனைவிக்கும் பொருந்திவிட்டது.

இரண்டு வசந்தம் கழித்துக் கார் விற்பனைக்கு வரும். இந்த வகை விளம்பரங்களில் இன்ஜின், டயர், பெயின்ட் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஓட்டுநரின் உயரமும் ஷூ அளவும் சேர்த்துப் போடுவது வழக்கம். இல்லாவிட்டால் ஆறடி ஆள் ஒருவர் 200 மைல் கடந்து வந்து, ஒரு காலை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துப் போவார். வாங்க வந்தவர் ஒல்லி. மனைவியின் உயரம்தான் இருப்பார். நுரைச் சீட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு உள்ளே இறங்கினார், கைகளை நீட்டினார், பெடலை மிதித்தார், விலை பேசாமல் பணம் கொடுத்தார். சீட்டை வேண்டாமென்றார்.

கராஜில் இப்போது 442 அளவில் புதிய குழாய்கள் அறுத்து அடுக்கியிருக்கின்றன. ஆனால் வெல்டிங் இன்னும் தொடங்கவில்லை. இந்த முறை சீட்டிலிருந்து தொடங்குவது என்று முடிவு. அந்தப் பழைய நுரைச் சீட் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் இரண்டு செங்கல். இரவு செய்தியைக் கராஜ்காரர் அதில் சாய்ந்துதான் பார்க்கிறார். இடது கையில் ரிமோட், கியர் கம்பி வர வேண்டிய உயரத்தில். விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து, ஒரு செங்கல்லை அரை அங்குலம் நகர்த்திவிட்டு மறுபடி உட்காருகிறார். விருந்தாளிகள் வரும் நாட்களில் மனைவி அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடி, அது பழைய நாற்காலி என்கிறார். சென்ற வாரம் வந்த அவருடைய தங்கை அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் ஏதோ சாவி குத்துகிறது என்று எழுந்துகொண்டார்.